மன அழுத்தம் எதனால் ஏற்படுகிறது? காரணத்தைக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

மன அழுத்தத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டால் வேலை, கடன், தேர்வு, குடும்பம், நோய் என ஒரே சொல்லில் விடை சொல்லிவிடுகிறோம். அந்த விடை தவறானதன்று. ஆனால் அழுத்தம் எந்த இடத்தில் ஏற்படுகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்த இடத்தில் இருக்கும் எது நம்மை அழுத்துகிறது என்பதைச் சொல்வதில்லை. ஒரே அலுவலகத்தில், ஒரே பொறுப்பில், ஒரே ஊதியத்தில் இருக்கும் இருவரில் ஒருவர் நிம்மதியாகத் தூங்குவதையும் மற்றவர் விடிய விடியப் புரண்டுகொண்டிருப்பதையும் ‘வேலை’ என்ற ஒரு சொல்லால் விளக்க முடியாது. அந்தச் சொல்லுக்கு அடியில் இருப்பதைப் படிப்படியாகத் தேடுவதற்கே இந்த வழிகாட்டி. தீர்வுகளைப் பற்றிப் பின்பகுதியில்தான் பேசுகிறேன், அதுவும் சுருக்கமாக. காரணம் பிடிபடாத நிலையில் செய்யும் மூச்சுப்பயிற்சியும் எடுக்கும் விடுமுறையும் சில நாள் ஆறுதலுக்கு மேல் எதையும் தருவதில்லை என்பது என் கருத்து.

படி 1: உடலில் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆபத்து என்று மூளை கணித்த சில நொடிகளிலேயே பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு விரைவாகிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடலைத் தயார்ப்படுத்தும் இந்த மாற்றத்தை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் வெளியான தம் நூலில் விவரித்தார். இதற்குப் பின்னால் மெதுவாக இயங்கும் இரண்டாவது பாதை ஒன்றும் உண்டு. மூளையின் ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்கும், அது அட்ரீனல் சுரப்பியின் வெளிப்பகுதியான புறணிக்கும் ஹார்மோன் வழியாகச் செய்தி அனுப்ப, கார்ட்டிசால் சுரக்கிறது. கார்ட்டிசாலின் அளவு உச்சத்தைத் தொடுவதற்கு, அழுத்தம் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். இந்தத் தாமதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படியில் இது தேவைப்படும்.

உடல் கெட்டுப்போனதால் இவை நடப்பதில்லை. கார்ட்டிசால் இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தி, தேவைப்படும் ஆற்றலைக் கையருகே கொண்டுவருகிறது. போதிய அளவு சுரந்ததும், சுரப்பதை நிறுத்தும்படி மூளைக்குத் தானே உணர்த்தவும் செய்கிறது. அழுத்தம் வந்துபோகும் வரை இந்த ஏற்பாட்டில் குறையில்லை. அது வந்து, போகாமல் தங்கிவிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அழுத்தம் பற்றிய ஆய்வுக்கு அடித்தளமிட்ட ஹான்ஸ் செல்யே 1936-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட சிறு குறிப்பில், வெவ்வேறு தீங்குகளுக்கு ஆளான எலிகளின் உடல் ஒரே வகையில் எதிர்வினை காட்டுவதைச் சுட்டிக்காட்டினார். எச்சரிக்கை, எதிர்ப்பு, தளர்ச்சி என்ற மூன்று கட்டங்களை வகுத்தவரும் அவரே. அவர் சொன்னவற்றில் இரண்டு கருத்துகள் பின்னாளில் திருத்தம் பெற்றன. உடலின் இருப்பு தீர்ந்துபோவதால் தளர்ச்சி வருகிறது என்று அவர் எண்ணினார். புரூஸ் மெக்யூவன் முதலானோரோ, தீராமல் சுரந்துகொண்டே இருக்கும் எதிர்வினையே உடலைத் தேய்க்கிறது என்று காட்டினர். தீங்கு எதுவானாலும் உடலின் எதிர்வினை ஒன்றே என்றும் செல்யே கருதினார். ஜான் மேசன் நடத்திய ஆய்வில், பட்டினி கிடந்த குரங்குகளுக்குச் சத்தில்லாத போலி உணவு கொடுக்கப்பட்டபோது, பட்டினிக்கு வழக்கமாகக் காணப்படும் ஹார்மோன் உயர்வு தோன்றவில்லை. வயிறு காலியாக இருந்ததைக் காட்டிலும், உணவு மறுக்கப்படுகிறது என்ற உணர்வே அந்த விலங்குகளை அழுத்தியிருக்கிறது.

படி 2: இரண்டு வாரம் குறிப்பெடுங்கள்

ஒரு சிறு ஏட்டில் மூன்று விவரங்களை மட்டும் எழுதுங்கள்: எந்த நேரத்தில், என்ன சூழலில் இருந்தீர்கள், உடலில் என்ன தெரிந்தது, அந்த நொடியில் மனத்தில் ஓடிய எண்ணம் என்ன. தோள் இறுக்கம், தாடையைக் கடித்தல், வயிற்றுப் பிசைவு, தலைவலி, காரணமில்லாத எரிச்சல், படித்த வரியையே மீண்டும் படிப்பது, தூக்கம் பிடிக்காமை அல்லது அதிகாலையில் விழித்துக்கொள்ளுதல், பசி கெடுதல் அல்லது பசியின்றிக் கொறித்தல் ஆகிய எல்லாம் குறிக்கத் தக்கவை. எண்ணத்தை அலங்கரிக்காமல், வந்த சொற்களிலேயே எழுதுவது முக்கியம். ‘பணிச்சுமை’ என்று எழுதுவதைவிட ‘இதை என்னால் முடிக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்’ என்று எழுதுவதில் பத்து மடங்கு செய்தி இருக்கிறது.

அறிகுறி தெரிந்த நேரத்தைக் கொண்டு காரணத்தை முடிவு செய்வதில் பலரும் தவறுகிறார்கள். மாலையில் பிள்ளைகளிடம் கத்தியவர் பிள்ளைகளின் குறும்பைக் காரணமாக எழுதுவார். பிற்பகலில் நடந்த கூட்டமோ, மறுநாள் வரவிருக்கும் மருத்துவ அறிக்கையோ அவர் ஏட்டில் இடம்பெறாது. கார்ட்டிசால் உச்சத்தைத் தொடத் தாமதமாகும் என்று முன் படியில் பார்த்தோம். ஆகவே ஒவ்வொரு குறிப்பிலிருந்தும் பின்னோக்கி ஓரிரு மணி நேரத்தையும், முன்னோக்கி ஒரு நாளையும் பாருங்கள். மனிதருக்கு நடக்காத ஒன்றை எதிர்பார்த்தே முழு எதிர்வினையையும் உடலில் எழுப்பிக்கொள்ளும் திறன் உண்டு. வெறும் எதிர்பார்ப்பே காரணமாக இருந்த நாள்கள் உங்கள் ஏட்டில் கணிசமாக இருக்கலாம்.

எண்ணால் அளந்து பார்க்க விரும்புவோருக்கு, ஷெல்டன் கோஹனும் உடன் பணியாற்றியோரும் 1983-இல் உருவாக்கிய உணரப்படும் அழுத்த அளவுகோல் உதவும். பரவலாகப் பயன்படும் வடிவத்தில் 10 வினாக்கள் உள்ளன. மதிப்பெண் 0 முதல் 40 வரை. கடந்த ஒரு மாதத்தில் வாழ்க்கை எவ்வளவு எதிர்பாராததாக, கட்டுக்கு அடங்காததாக, மிகையான சுமையாகத் தோன்றியது என்பதையே அவை கேட்கின்றன. என்ன நிகழ்ந்தது என்று ஒரு வினாகூடக் கேட்பதில்லை. இது நோயைக் கண்டறியும் சோதனையன்று. ஒரு மாதத்து நிலையை மறுமாதத்து நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவே பயன்படும்.

படி 3: நிகழ்வையும் அதன் மதிப்பீட்டையும் பிரித்துப் பாருங்கள்

நிகழ்வுகளையே எண்ணி அழுத்தத்தை அளந்துவிடலாம் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. தாமஸ் ஹோம்ஸும் ரிச்சர்ட் ராஹேயும் 1967-இல் 43 வாழ்க்கை நிகழ்வுகளுக்கு மதிப்பெண் வழங்கிப் பட்டியலிட்டனர். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100, மணமுறிவுக்கு 73, திருமணத்துக்கு 50, பணி ஓய்வுக்கு 45. மகிழ்ச்சியான மாற்றமும் உடலிடம் உழைப்பைக் கோரும் என்பதை இப்பட்டியல் உணர்த்தியது. ஆனால் மொத்த மதிப்பெண்ணை வைத்து யார் நோயுறுவார் என்று கணிப்பதில் அது பெரிய வெற்றி காணவில்லை. பின்னர் 1981-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆலன் கேனரும் உடன் பணியாற்றியோரும், பெரிய நிகழ்வுகளைவிட அன்றாடச் சிறு தொல்லைகளே உளவியல் அறிகுறிகளோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருப்பதைக் கண்டனர்.

இந்த இடைவெளியை விளக்கியவர்கள் ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும். 1984-இல் அவர்கள் விரிவாக முன்வைத்த கருத்தின்படி, எந்தச் சூழலை எதிர்கொண்டாலும் மனம் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறது. இதில் எனக்கு முக்கியமான ஏதேனும் பறிபோகுமா என்பது ஒன்று. இதைச் சமாளிக்க என்னிடம் என்ன இருக்கிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்றும் இரண்டாவதற்கு ‘போதாது’ என்றும் விடை வரும்போது அழுத்தம் பிறக்கிறது. எனவே உங்கள் ஏட்டில் அடிக்கடி வரும் நான்கைந்து சூழல்களை எடுத்து, ஒவ்வொன்றின் எதிரிலும் இவ்விரு கேள்விகளுக்கான விடையை எழுதுங்கள். எது பறிபோகும் என்ற கேள்விக்குப் பணம், உடல்நலம், நேரம் ஆகியவற்றோடு மதிப்பு, உறவு, நான் இப்படிப்பட்டவன் என்ற நம்பிக்கை ஆகியவையும் விடையாகலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மதிப்பீடு என்ற கருத்தை வைத்துக்கொண்டு, எல்லாம் உன் மனத்தில்தான் இருக்கிறது, பார்வையை மாற்றினால் போதும் என்று உபதேசிப்பவர்கள் ஏராளம். அது அந்தக் கருத்தின் பாதியை மட்டும் சொல்வது. வாடகை கட்டப் பணமில்லாதவர் ‘என்னிடம் போதுமானது இல்லை’ என்று மதிப்பிட்டால், அது பிழையான மதிப்பீடன்று, சரியான கணக்கு. அவருக்கு மாற வேண்டியது பார்வையன்று, இருப்பு.

படி 4: சூழலில் எது அழுத்துகிறது என்று தேடுங்கள்

இவ்வழிகாட்டியின் மையம் இந்தப் படிதான். நேரத்தையும் இதற்கே அதிகம் ஒதுக்குங்கள். பல பத்தாண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், வேலை, குடும்பம் போன்ற பெயர்களுக்கு அடியில் திரும்பத் திரும்பத் தென்படும் நிலைகள் சிலவே என்பது விளங்கும்.

முதலாவது, கட்டுப்பாடின்மை. ஜே வைஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளை இணைத்து வைத்து, இணையிலுள்ள இரண்டுக்கும் ஒரே அளவு மின்னதிர்ச்சி கிடைக்குமாறு செய்தார். ஒன்றால் மட்டும் சக்கரத்தைத் திருப்பி அதிர்ச்சியை நிறுத்த முடியும். அது நிறுத்தும்போது மற்றதற்கும் அதிர்ச்சி நின்றுவிடும். வலியின் அளவு சமமாக இருந்தும், எதையும் செய்ய இயலாத எலிக்கே இரைப்பைப் புண்கள் மிகுதியாக ஏற்பட்டன. (மனிதருக்கு வரும் இரைப்பைப் புண்களுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும் சில வலிநிவாரணிகளும் முதன்மைக் காரணங்கள் என்பது பின்னர் தெளிவாகிவிட்டதால், இந்த ஆய்வை வயிற்றுவலிக்கு விளக்கமாகக் கொள்ள வேண்டாம்.) மனிதரிடமும் இதே போக்கு தென்படுகிறது. ராபர்ட் காரசெக் 1979-இல் முன்வைத்த மாதிரியின்படி, வேலையின் கடுமை மட்டும் ஒருவரை நோகடிப்பதில்லை. கடுமை அதிகமாகவும் முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருப்பதே மிக மோசமான சேர்க்கை. மைக்கேல் மார்மட் முதலானோர் பிரிட்டன் அரசு ஊழியரிடையே நடத்திய வைட்ஹால் ஆய்வுகளில், மேல்பதவியில் இருந்தோரைவிடக் கீழ்ப்பதவியில் இருந்தோருக்கே இதயநோய் அதிகம் என்று தெரிந்தது. பணியில் தம் விருப்பப்படி செயல்பட இடமின்மை அதற்கு ஒரு பங்குக் காரணமாக இருந்தது. பொறுப்பு கூடக் கூட அழுத்தமும் கூடும் என்ற பொதுவான எண்ணத்துக்கு இது நேர் எதிரானது. எவ்வளவு வேலை என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்த நேரத்தில், எந்த வரிசையில், எந்த முறையில் செய்வது என்பதில் எனக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்றும் கேளுங்கள்.

இரண்டாவது, நிச்சயமின்மை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் 45 பேர் ஒரு கணினி விளையாட்டில் ஈடுபட்டனர். கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று அவர்கள் ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சிறு மின்னதிர்ச்சி விழும். வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்தபோது, அதிர்ச்சி நிச்சயம் என்ற நிலையைவிட 50 விழுக்காடு வாய்ப்பு என்ற நிலையிலேயே அழுத்தம் உச்சத்தில் இருந்தது. கெட்ட செய்தி உறுதியானதும் சிலருக்கு ஒருவித அமைதி வருவதையும், சோதனை முடிவுக்குக் காத்திருந்த நாள்களே சிகிச்சை நாள்களைவிடக் கொடுமையாக இருந்தன என்று நோயாளிகள் சொல்வதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம்.

மூன்றாவது, பிறர் எடைபோடுவார்கள் என்ற அச்சம். சாலி டிக்கர்சனும் மார்கரெட் கெமனியும் 208 ஆய்வுகளைத் தொகுத்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பிறர் முன்னிலையில் திறமை மதிப்பிடப்படுவதும், விளைவு தன் கையில் இல்லாததும் சேர்ந்த பணிகளே கார்ட்டிசாலை மிக அதிகமாக உயர்த்தின. ஆய்வகத்தில் அழுத்தத்தை வரவழைக்க உலகெங்கும் பயன்படும் டிரியர் சோதனையும் இதைத்தான் செய்கிறது: முகபாவம் காட்டாத நடுவர்கள் முன்னால் பேச்சும் மனக்கணக்கும். எல்லோரும் பார்க்கும்படி மதிப்பெண் வாசிக்கும் வகுப்பறையும், கூட்டத்தில் வைத்துக் குறை சொல்லும் மேலாளரும் அறியாமலேயே இந்தச் சோதனையைத் தினந்தோறும் நடத்துகிறார்கள்.

நான்காவது, உழைப்புக்கும் பலனுக்கும் உள்ள பொருத்தமின்மை. ஜொஹன்னஸ் சீக்ரிஸ்ட் 1996-இல் வரையறுத்த மாதிரியில் பலன் என்பது ஊதியம் மட்டுமன்று. மதிப்பும் பணிப் பாதுகாப்பும் முன்னேறும் வாய்ப்பும் அதில் அடங்கும். வீட்டுவேலைக்கும் இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம் என்று நான் நினைக்கிறேன். நன்றி என்ற ஒரு சொல்கூட இல்லாமல் ஆண்டுக்கணக்கில் தொடரும் உழைப்பு அந்த ஏட்டில் ‘சோர்வு’ என்றே பதிவாகும். காரணம் என்ற இடம் காலியாகவே இருக்கும்.

ஐந்தாவது, முடிவு தெரியாத சுமை. நினைவாற்றல் இழந்த உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்களையும் அத்தகைய பொறுப்பில்லாத 13 பெண்களையும் ஒப்பிட்டு, ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் 1995-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கையில் ஏற்படுத்தப்பட்ட ஒரே அளவிலான சிறு காயம், பராமரிப்பாளர்களுக்கு ஆறச் சராசரியாக 9 நாள்கள் அதிகம் பிடித்தது. இத்தகைய சுமையை ஒரு நிகழ்வு என்றே சொல்ல முடியாது. தொடங்கிய தேதியும் இல்லை, முடியும் தேதியும் இல்லை. அதனாலேயே பலர் இதைக் காரணமாகக் கருதாமல் கடந்துவிடுகிறார்கள்.

உங்கள் ஏட்டில் உள்ள ஒவ்வொரு சூழலுக்கு எதிரிலும் இந்த ஐந்தில் எது பொருந்துகிறது என்று குறியுங்கள். வெவ்வேறாகத் தோன்றிய சூழல்கள் பலவற்றில் ஒரே நிலை திரும்ப வந்தால், தேடியது ஏறக்குறையக் கிடைத்துவிட்டது.

படி 5: அழுத்தம் ஏன் தணியவில்லை என்று பாருங்கள்

சூழல் முடிந்த பிறகும் அதை மனத்தில் மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்ப்பது உடலின் எதிர்வினையை நீட்டித்துவிடுகிறது. அரை மணி நேரக் கூட்டம், அதற்கு முந்தைய இரவும் பிந்தைய இரவும் சேர்ந்து இரண்டு நாள் கூட்டமாகிவிடும். முடிக்காத வேலைகளும் இப்படித்தான் குறுக்கிடும். ஆனால் அவற்றை உடனே முடித்தாக வேண்டிய கட்டாயமில்லை. மசிகாம்போவும் பௌமைஸ்டரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வுகளில், எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டமிட்ட அளவிலேயே அந்தக் குறுக்கீடு குறைந்தது. தூக்கக்குறையும் சேர்ந்துகொண்டால் மறுநாள் சிறு தொல்லையும் பெரிதாக உறைக்கும். அந்த உறைப்பு அடுத்த இரவின் தூக்கத்தையும் கெடுக்கும். எது முதலில் வந்தது என்று ஆராய்வதைவிட, எந்த இடத்தில் இந்தச் சுழலை அறுப்பது எளிது என்று பார்ப்பதே பயன்தரும்.

படி 6: அழுத்தம் போலத் தோன்றும் மற்றவற்றை விலக்குங்கள்

படபடப்பும் எடை குறைவதும் மிகை தைராய்டாலும், களைப்பும் மூச்சிரைப்பும் இரத்தசோகையாலும் வரலாம். தூக்கத்தில் மூச்சு தடைபடுபவர் எட்டு மணி நேரம் படுத்தும் களைப்போடே எழுவார். சில மருந்துகளும், அளவுக்கு மீறிய காபியும் நடுக்கத்தையும் தூக்கமின்மையையும் தரும். காரணமான சூழல் விலகிய பிறகும் கவலை மாதக்கணக்கில் எதையாவது பற்றிக்கொண்டு தொடர்ந்தால் அது பதற்றக் கோளாறாக இருக்கலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாள்களில் மனம் தாழ்ந்தும், எதிலும் நாட்டமில்லாமலும் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இவற்றுக்குத் தனிச் சிகிச்சை உண்டு. அழுத்தம் என்று பெயரிட்டுப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை.

படி 7: காரணத்துக்கேற்ற மாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள்

கட்டுப்பாடின்மை காரணமானால், முழு வேலையையும் மாற்ற இயலாவிட்டாலும், அதில் நீங்களே முடிவு செய்யக்கூடிய ஒரு பகுதியைக் கேட்டுப் பெறுங்கள். நிச்சயமின்மை காரணமானால், விடையைத் தரக்கூடியவரிடம் நேரடியாகக் கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால், எப்போது கிடைக்கும் என்ற தேதியையாவது கேளுங்கள். பிறர் மதிப்பீடு காரணமானால், எதை வைத்து எடைபோடப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் அறிந்துகொள்வதும், குறைகளைத் தனியே சொல்லுமாறு கோருவதும் உதவும். பலனின்மைக்குப் பொறுமை மருந்தாகாது. பேசித் தீர்க்க வேண்டும், அல்லது உழைப்பின் அளவைக் குறைக்க வேண்டும். முடிவில்லாத பராமரிப்புச் சுமைக்கு, வாரத்தில் சில மணி நேரம் வேறொருவர் அப்பொறுப்பை ஏற்பதற்கு ஈடான ஆலோசனை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மனத்தில் ஓட்டிப் பார்க்கும் பழக்கமுடையோர், படுக்குமுன் 5 நிமிடம் மறுநாள் செய்ய வேண்டியவற்றை எழுதிப் பார்க்கலாம். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், அவ்வாறு எழுதியவர்கள் முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகவே உறங்கினர். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற வேகத்தில், வெளிமூச்சை நீட்டி மெதுவாகச் சுவாசிப்பது அந்த நேரத்துப் படபடப்பைக் குறைக்கும். ஒழுங்கான உடற்பயிற்சியும் நன்மை தரும். இவை உடலின் எதிர்வினையைத் தணிப்பவை, காரணத்தைத் தொடுவதில்லை. மாற்றவே முடியாத இழப்புகளில் தணிப்பது ஒன்றே செய்யக்கூடியது, அங்கே இவற்றின் மதிப்பு பெரிது.

ஓரளவு அழுத்தம் செயல்திறனை உயர்த்தும் என்பதற்கு யெர்க்ஸ்–டாட்சன் விதியை மேற்கோள் காட்டுவோர் உண்டு. அவ்விருவரும் 1908-இல் ஆராய்ந்தது, மின்னதிர்ச்சி பெற்ற எலிகள் எவ்வளவு விரைவாகக் கற்கின்றன என்பதை. ஊழியரை விரட்டுவதற்கு அதை ஆதாரமாகக் காட்டுவது பொருந்தாது.

படி 8: உதவியை நாட வேண்டிய நேரத்தை அறியுங்கள்

வேலை, தூக்கம், உணவு, உறவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வாரக்கணக்கில் குலைந்திருந்தாலோ, மதுவோ தூக்கமாத்திரையோ இன்றி இரவைக் கடக்க முடியவில்லை என்றாலோ மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். ‘எனக்கு மன அழுத்தம்’ என்று தொடங்குவதைவிட, எத்தனை வாரமாக, எந்த நேரத்தில், என்னென்ன நிகழ்கிறது என்று சொன்னால் அவருக்கு நோயைப் பிரித்தறிவது எளிதாகும். நெஞ்சுவலியை, குறிப்பாகக் கைக்கோ தாடைக்கோ பரவும் வலியை, அழுத்தம் என்று நீங்களே முடிவு செய்யாமல் அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை வந்தாலும், நம்பிக்கையான ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள். தனியாக இருக்காமல், அருகிலுள்ள மருத்துவமனையையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ உடனே தொடர்புகொள்ளுங்கள்.